பாதி விலைக்குப் போன வாளி

வருஷத்துக்குப் பதினோராயிரம் லிட்டர் எமல்ஷன் விற்றால்
கென்யா ஐந்து நாள் இலவசம் என்றார்கள்.
பத்தாயிரத்து எண்ணூறில் நின்றது.
மீதி இருநூறை என் பேரிலேயே பில் போட்டு
கடை மாடியில் அடுக்கிவிட்டுக் கிளம்பினேன்,
செக்கானூரணியிலிருந்து.

நாற்பது டீலர்கள், ஒரு சமையல்காரர்,
தூக்குவாளியில் புளியோதரை.
பெண் என்று நான் ஒருத்தி.
கூரை திறந்த வண்டியில் எழுந்து நின்றால்
புல், புல், மேலும் புல்.
அறுப்புக்கு ஆள் கிடைக்காத வயல் மாதிரி.

முதலில் வந்தது யானை.
என் கை தானாகப் பைக்குள் போய்
ஐந்து ரூபாயைத் தேடியது.
நெற்றியில் பட்டை இல்லை, கழுத்தில் மணி இல்லை,
சங்கிலி அறுத்த தழும்பும் காலில் இல்லை.
யார் தலையையும் தொடாமல்
எங்களைச் சுற்றிக்கொண்டு போனது,
பாதையில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல.

வரிக்குதிரையைக் கண்டதும் பெரியகுளம் ஜபருல்லா,
“ரெண்டு கோட் அடிச்சிருக்கான், பார்டர் சுத்தம்” என்றார்.
வண்டியே குலுங்கிச் சிரித்தது.
சிரிப்பு அடங்குமுன் டிரைவர் கிப்ரோனோ
உதட்டில் விரல் வைத்தார்.

சிங்கம். பெண்.
பதினைந்தடி தூரம்.
வாயோரம் காய்ந்த ரத்தம்,
என் தொழில் கண்ணுக்கு ரெட் ஆக்சைடு.
கவுண்டருக்கு வருகிறவர்களின் பார்வையெல்லாம் எனக்கு அத்துப்படி:
‘வீட்டுக்காரர் இல்லையா’ என்று உள்ளே எட்டித் தேடுவது,
இல்லை என்று தெரிந்தபின் கடன் சொல்லத் துணிவது,
‘அக்கா’ என்று குழைந்து விலையைக் குறைப்பது.
இது எதுவும் இல்லை.
என் வழியாக, எனக்கு அந்தப் பக்கமிருந்த
புல்லைப் பார்த்தது.
கொட்டாவி விட்டது.
யாருக்கும் நான் எதுவாகவும் இல்லாத அரை நிமிஷம்.

பிறகு சூரியன் இறங்கியது.
எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள்.
நான் ஷேட் கார்டை எடுத்தேன்.
வெட்கமாகத்தான் இருந்தது,
விசிறிபோல் விரித்து வானத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தேன்.
மாம்பழ மஞ்சள், இல்லை.
செங்காவி, கீழ்க்கோட்டில் மட்டும், கொஞ்ச நேரம்.
தாழம்பூ, சுட்ட செங்கல்...
நான் எண்ணைச் சொல்லி முடிக்குமுன்
வானம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டது.
ஆயிரத்து எண்ணூறு நிறம் கையில் இருந்தது.
அத்தனையும் ஒன்றுபோல் கறுக்கும்வரை நின்றேன்.

ஊர் வந்த மூன்றாம் நாள்
மாடியில் கிடந்ததில் ஒரு வாளியை இறக்கி
டிண்டிங் மெஷின் முன் உட்கார்ந்தேன்.
மஞ்சள் ஆறு, சிவப்பு நாலு, கறுப்பு ஒரு துளி.
குலுக்கித் திறந்தால்
கல்யாண வீட்டுக் கேசரி.
இன்னும் சிவப்பு விட்டேன்.
தக்காளித் தொக்கு.
அதை மறைக்க வெள்ளை, மறுபடியும் கேசரி.
கடைப்பையன் ஒன்றும் கேட்கவில்லை.
‘பாதி விலை’ என்று மூடியில் எழுதி ஓரமாக வைத்தான்.

ஆட்டுக்கொட்டடிச் சுவருக்கு எதுவானால் என்ன என்று
ஒச்சப்பன் வந்தார்.
பாதியிலும் ஐம்பது குறைத்து
அதையும் கடன் சொல்லி எடுத்துப்போனார்.

போன செவ்வாய் பாக்கி வாங்கப் போனேன்.
ஆறு மணி.
உசிலம்பட்டிப் பக்கம் வெயில் சாய்ந்து
நாகமலை முதுகை நீட்டிக் கறுத்துக் கிடந்தது.
சுவர் அப்போதும் கேசரிதான்.
மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வந்தன.
அவை கிளப்பிய புழுதி சுவர் முன் எழுந்து நின்றபோது
நான் எந்த வாளியிலும் ஊற்றாத ஒன்று
இரண்டு நிமிஷம் அதில் இருந்தது.
ஷேட் கார்டு கடையில்.

ஒரு கிடாய் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தது.
என்னை இல்லை.
என் பின்னால் வேலியில் தொங்கிய
கருவேல நெற்றை.

விலகி வழிவிட்டேன்.
பாக்கியை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.